முதலை வராத ஆற்றில் கூலாசூகஸ்

கேட்டது இதுதான்: "கூலாசூகஸ் என்று ஒரு பெரிய இருவாழ்வி டைனோசர் காலத்தில் இருந்ததாமே, அது எங்கே இருந்தது, எதைத் தின்றது, தவளை வகையறா என்றால் துருவத்துக் குளிரில் எப்படித் தாக்குப்பிடித்தது?" மூன்று கேள்விகள். கடைசிக் கேள்விக்குள்ளேயே மற்ற இரண்டுக்கும் பாதி பதில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். இது தவளை இல்லை, தேரை இல்லை, பல்லி மாதிரி வாலோடு இருக்கும் சாலமாண்டர் என்ற இருவாழ்வியும் இல்லை. டெம்னோஸ்பாண்டில் என்று ஒரு பழைய பெருங்கூட்டம் உண்டு, அதைச் சேர்ந்தது. அந்தக் கூட்டம் ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நிலக்கரிக் காடுகள் இருந்த காலத்தில் தலையெடுத்தது. இன்றைய தவளைகள் அதன் ஏதோ ஒரு குட்டிக் கிளையிலிருந்து வந்தவை என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அப்படிப் பார்த்தால் கூலாசூகஸ் தவளைக்குத் தூரத்துப் பெரியப்பா முறை, அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பார்கள், சொத்தில் பங்கு கிடையாது.

இந்தக் கூட்டத்துக்கு நல்ல காலம் என்றால் சுமார் 30 கோடியிலிருந்து 20 கோடி ஆண்டுகள் முன்புவரை நீண்ட பெர்மியன், ட்ரையாசிக் என்ற இரண்டு காலங்களும்தான். ஆறு, ஏரி, சதுப்பு என்று எங்கே பார்த்தாலும் இவை. ஜெர்மனியில் கிடைத்த மாஸ்டோடான்சாரஸுக்குத் தலை மட்டுமே ஒரு மீட்டருக்கு மேல். அப்புறம் ட்ரையாசிக் முடிவில், சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நடந்த பெரிய அழிவில் கூட்டம் ஏறக்குறைய காலியாகிவிட்டது. காலியான இடத்தை முதலை வகைகள் பிடித்துக்கொண்டன. பழைய பாடப்புத்தகங்களில் கதை இங்கேயே முடிந்துவிடும். பிறகு ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும், ட்ரையாசிக்குக்கு அடுத்த காலமான ஜுராசிக் பாறைகளில் ஒன்றிரண்டு கிடைக்க, முற்றுப்புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. குவீன்ஸ்லாந்தில் கிடைத்த சிடெராப்ஸ் அப்படி ஒன்று, அதை 1983-இல் விவரித்தார்கள். சரி, ஜுராசிக்கோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் நிலைக்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மூலையில் விக்டோரியா மாநிலம். மெல்போர்னிலிருந்து தெற்கே போனால் சான் ரெமோ என்ற கடற்கரை ஊர். அங்கே பஞ்ச் பவுல் என்று அழைக்கப்படும் இடத்தில் 1978-இல் ஒரு தாடைத் துண்டு கிடைத்தது. பாறையின் வயது, ஜுராசிக்குக்கும் அடுத்து வந்த கிரெட்டேசியஸ் காலத்தின் தொடக்கப் பகுதி, சுமார் 12 கோடி ஆண்டு. தாடையைப் பார்த்தால் பழைய டெம்னோஸ்பாண்டில் மாதிரி இருக்கிறது, பாறையைப் பார்த்தால் அப்படி இருக்க வழியே இல்லை. சாட்சி ஒன்று சொல்ல, தேதி வேறொன்று சொல்கிற வழக்கு. கிடைத்ததோ துண்டு, அதை வைத்து அடித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு 1989-இல் பக்கத்திலேயே ரோவெல்ஸ் பீச் என்ற இடத்தில் இன்னும் நல்ல எலும்புகள் வந்தன. இதுவரை மொத்தமாகக் கிடைத்தவை: கீழ்த்தாடையின் பகுதிகள், விலா எலும்பு, முதுகெலும்பு, கால் எலும்பு, தோள்பட்டைப் பகுதி. 1991-இல் முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. 1997-இல் ஆன் வாரன், தாமஸ் ரிச், பட்ரீஷியா விக்கர்ஸ்-ரிச் மூவரும் முறையாகப் பெயர் சூட்டினார்கள்: கூலாசூகஸ் கிளீலாண்டி.

பெயரில் ஒரு விளையாட்டு இருக்கிறது. 'கூல்' என்பது அந்தப் பகுதிப் புதைபடிவ வேலையில் பெரும்பங்கு வகித்த லெஸ்லி கூல் பெயரிலிருந்து, கிளீலாண்டி என்பது புவியியலாளர் மைக் கிளீலாண்ட் பெயரிலிருந்து. கூடவே அது வாழ்ந்த இடம் குளிரானது என்பதற்கும் அந்தக் 'கூல்' பொருந்திவிட்டது. 'சூகஸ்' என்றால் முதலை. முதலையே அல்லாத ஒரு பிராணிக்கு, முதலை இல்லாத இடத்தில் பிழைத்ததாலேயே பேர் வாங்கிய பிராணிக்கு, முதலை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்! 2022 ஜனவரியில் விக்டோரியா மாநிலம் மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தி இதையே தன் அதிகாரபூர்வப் புதைபடிவச் சின்னமாக அறிவித்தது. டைனோசர் கிடைத்த மண்ணில் டைனோசரைத் தோற்கடித்த இருவாழ்வி.

தாடைத் துண்டை வைத்து இது முதலை இல்லை என்று எப்படிச் சொல்வார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான், ஏனென்றால் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் பல் வரிசை உள்ள நீளமான எலும்புதான். வித்தியாசம் பல்லில் இருக்கிறது. முதலையின் பல் தாடைக்குள் தனித்தனிக் குழியில் உட்கார்ந்திருக்கும், உள்ளே கூடு மாதிரி வெற்றிடம். டெம்னோஸ்பாண்டிலின் பல் தாடை எலும்போடு ஒட்டி வளர்ந்திருக்கும். அந்தப் பல்லை அடிப்பக்கத்தில் குறுக்கே வெட்டி, மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் பல்லின் சுவர் உள்நோக்கி மடிந்து மடிந்து, கோலத்தில் சிக்குக்கோலம் போடுவோமே அதுபோல நெளிந்து போகும். இதனால்தான் இந்த வகையை அந்தக் காலத்தில் லாபிரின்தோடான்ட், அதாவது புதிர்வழிப் பல்லன் என்று அழைத்தார்கள். மடிப்பு இருந்தால் பல்லுக்கு அடியில் வலு கூடும், வழுக்கும் மீனைக் கவ்வித் திமிறும்போது பல் சட்டென்று முறியாது. எலும்பின் வெளிப்பக்கத்தில் குழியும் மேடுமாக ஒரு வேலைப்பாடு இருக்கும், அதுவும் ஓர் அடையாளம்.

இதன் குடும்பத்துக்குச் சிகுடிசாரிட் என்று பெயர். இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தெலங்கானாவில் கோதாவரி வடிநிலத்தின் மாலேரி பாறைகளில், கூலாசூகஸுக்குச் சுமார் ஒன்பது பத்து கோடி ஆண்டுகள் முந்தைய உறவினர்கள் கிடைத்திருக்கின்றன. 1995-இல் துர்ஜடி சென்குப்தா விவரித்த இரண்டில் ஒன்றின் பெயர் காம்ப்சோசெராப்ஸ், இன்னொன்று குட்டிசெஃபாலஸ். பெயரைப் பார்த்து 'குட்டித் தலை' என்று எண்ணிவிடாதீர்கள், அது குட்டி என்ற இந்திய ஆய்வாளரின் பெயர். நானும் முதன்முதலில் அப்படித்தான் படித்தேன். இந்தியா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா எல்லாம் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலம் அது, அதனால்தான் ஒரே குடும்பம் இப்படிப் பரந்து கிடக்கிறது. குடும்பத்தின் மற்ற எல்லாரும் போன பிறகும் ஒற்றையாக நின்றது கூலாசூகஸ்தான்.

உருவம் எப்படி? முழு எலும்புக்கூடு கிடைக்கவில்லை, உறவினர்களை வைத்துத்தான் கணக்கு. தலை சுமார் 65 சென்டிமீட்டர் நீளம், மொத்த நீளம் ஏறத்தாழ 3 மீட்டர், எடை அரை டன் வரை போகலாம் என்கிறார்கள். இணையத்தில் 5 மீட்டர் என்று கூசாமல் எழுதுகிறவர்கள் உண்டு. நான் 3 மீட்டரிலேயே நின்றுகொள்கிறேன். தலை முதலை மாதிரி நீண்டு கூர்மையாக இருக்காது, அகலமாக, தட்டையாக, முன்பக்கம் வளைந்து, மண்வெட்டியைப் படுக்க வைத்தது போல இருக்கும். கண் தலைக்கு மேலே. தலையின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் கொம்பு மாதிரி எலும்பு நீட்டிக்கொண்டிருப்பது இந்தக் குடும்ப வழக்கம். உடம்பு உருண்டை, கால் குட்டை, வால் வலுவானது. கரையில் ஏறி நடந்தால் பார்க்கவே பாவமாக இருந்திருக்கும். தண்ணீருக்குள் போனால் பேச்சே வேறு.

கீழ்த்தாடையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் தாடை மூட்டைத் தாண்டிப் பின்னால் ஒரு எலும்புக் கைப்பிடி நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். வாயைத் திறக்கும் தசை அதில்தான் பிடித்திருக்கும். கைப்பிடி நீளம் என்றால் அந்தத் தசைக்கு நெம்புகோல் பலம், வாயைச் சட்டென்று திறக்கலாம். முதலையை எடுத்துக்கொண்டால் அதன் பலம் முழுவதும் வாயை மூடுவதில், திறக்கும் தசை மிகப் பலவீனம், ரப்பர் பட்டை போட்டாலே திறக்க முடியாமல் தவிக்கும். இதற்குத் திறப்பதும் முக்கியம். அகலமான வாயை நீருக்குள் திடீரென்று திறந்தால் என்ன ஆகும்? வாய்க்குள் வெற்றிடம், சுற்றியிருக்கும் தண்ணீர் உள்ளே பாயும், தண்ணீரோடு மீனும் போகும். துரத்திப் பிடிக்கிற ஆள் இல்லை இது. வாயைத் திறந்தால் இரை தானே வந்து விழும் வித்தைக்காரன்.

இப்போது இடத்துக்கு வருவோம், சுவாரசியமே இங்கேதான். 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆஸ்திரேலியாவும் அண்டார்டிகாவும் ஒட்டித்தான் இருந்தன, ஆனால் பிரியத் தொடங்கியிருந்தன. பிரியும் கோட்டில் நிலம் இழுபட்டுத் தாழ்ந்து ஒரு நீண்ட பிளவுப் பள்ளத்தாக்கு உண்டானது. அதில் கிழக்கே இருந்த எரிமலைப் பகுதிகளின் மண்ணையும் கல்லையும் அடித்துக்கொண்டு ஆறுகள் ஓடின. இன்றைய விக்டோரியா அந்தப் பள்ளத்தாக்குக்குள், அண்டார்டிக் வட்டத்துக்குள் இருந்தது. அதாவது கோடையில் சூரியன் மறையாத நாட்கள், குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியனே எட்டிப்பார்க்காத இருட்டு. இன்று அங்கே போய் நின்றால் கடல் அலை வந்து மோதும் பாறைத் திட்டுதான் இருக்கும், அந்தப் பாறை பழைய ஆற்று மணல் என்பதை யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

குளிர் எவ்வளவு என்பதில் சண்டை உண்டு. பாறையிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்பை, அதாவது எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களின் விகிதத்தை வைத்து ஆண்டுச் சராசரி பூஜ்யம் டிகிரி அக்கம்பக்கத்தில், அதற்குக் கீழேகூட இருந்திருக்கலாம் என்றது ஒரு கணக்கு. செடிகொடிகளின் புதைபடிவத்தை வைத்துப் பார்த்தவர்கள் இல்லை, 10 டிகிரி செல்சியஸ் வரும் என்றார்கள். என்னைக் கேட்டால் இரண்டு தரப்பையும் முழுதாக நம்பத் தேவையில்லை. பெரிய காடு இருந்தது உண்மை: ஊசியிலை மரங்கள், கின்கோ, பெரணி, குதிரைவால் செடி எல்லாம் கிடைத்திருக்கின்றன. அதே சமயம் இன்வெர்லாக் பக்கத்து ஃப்ளாட் ராக்ஸ் பகுதியில், தரை உறைந்து உருகி உறைந்து உருகிப் புரண்டதன் தடங்களும் பாறையில் இருக்கின்றன. அதே மாநிலத்துக் கூன்வாரா என்ற ஊரில் 1961-இல் சாலை வேலைக்காக மண்ணை வெட்டியபோது ஒரு பழைய ஏரியின் அடித்தட்டு வெளிப்பட்டது, அடுக்கடுக்காக மீன்கள். ஏரியின் மேற்பரப்பு பனியால் மூடி, உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மூச்சுமுட்டிச் செத்திருக்கலாம் என்று 1971-இல் ஒருவர் விளக்கம் கொடுத்தார், இன்றும் அதைப் பேசுகிறார்கள். கோடையில் பச்சைப்பசேல், குளிர்காலத்தில் உறைபனி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய துருவம் மாதிரி வெறும் பனிப்பாலைவனம் இல்லை.

இந்தக் குளிரில் இருவாழ்வி எப்படி என்பதுதான் பலருக்கும் உறுத்தும். தவளை என்றால் மழை, சகதி, வெப்பம் என்று மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் பெரிய இருவாழ்விகளுக்குப் பிடித்ததே குளிர்ந்த, ஓடும் தண்ணீர்தான். இன்று உலகில் இருக்கும் பெரிய இருவாழ்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவின் ராட்சத சாலமாண்டர், 1.8 மீட்டர் வரை வளர்ந்ததாகப் பதிவு உண்டு. ஜப்பானில் 1.5 மீட்டர் வரை ஒன்று. அமெரிக்காவின் ஹெல்பெண்டர் இவற்றைவிடச் சிறியது. மூன்றுமே மலைப்பகுதியில் வேகமாக ஓடும் குளிர்ந்த ஓடைகளில், பாறைக்கு அடியில், கரைக் குடைவில் வாழ்பவை. வெதுவெதுப்பான குளத்தில் போட்டால் திணறிப்போகும்.

காரணம் தண்ணீரிலுள்ள ஆக்சிஜன். பூஜ்யம் டிகிரி நன்னீரில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகப் பாதிக்குப் பக்கம் விழுந்துவிடும். அதற்கு மேல், குளிர் ரத்தப் பிராணிக்குத் தண்ணீர் குளிரக் குளிர உடம்பின் செலவும் குறையும். வரவு அதிகம், செலவு குறைவு. கல்லில் மோதி நுரைத்து ஓடும் ஆற்றில் ஆக்சிஜன் மேலும் கலக்கும், அப்படி ஓடும் ஆறு அடிவரைக்கும் லேசில் உறையாது, மேலே பனித்தட்டு கட்டினாலும் கீழே ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் இங்கே ஒரு மாற்றுக் கணக்கும் போட வேண்டும், சாலமாண்டரை அப்படியே பெரிதாக்கினால் கூலாசூகஸ் ஆகிவிடாது. 60 சென்டிமீட்டர் பிராணியை அதே வடிவத்தில் 3 மீட்டராக்கினால் நீளம் ஐந்து மடங்கு, தோலின் பரப்பு இருபத்தைந்து மடங்கு, உடம்பின் பருமன் நூற்றிருபத்தைந்து மடங்கு. அப்படியென்றால் ஒவ்வொரு கிலோ உடம்புக்கும் கிடைக்கும் தோல் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். தோலால் மட்டும் மூச்சுவிட்டுக் காலம் தள்ள முடியாது. தலையைத் தூக்கி நுரையீரலுக்குக் காற்று எடுத்திருக்க வேண்டும். கண்ணும் மூக்குத் துளையும் மேல்நோக்கி இருப்பதும் அதற்கு ஒத்துப்போகிறது. ஆகவே, முழுக்கப் பனி மூடிய ஏரியில் அது மாட்டிக்கொண்டால் கூன்வாரா மீன்களின் கதிதான். ஓடும் ஆறு, அங்கங்கே திறந்த நீர், இது இரண்டும் அதற்கு அவசியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எலும்பு கிடைத்த பாறையும் அதையே சொல்கிறது. நைசான சேறு படிந்த ஏரிப் பாறையில் இல்லை, சொரசொரப்பான மணலும் கூழாங்கல்லும் கலந்த ஆற்றுப் படிவில்தான் இதன் எலும்புகள் வருகின்றன. பெருமணலை நகர்த்த வேகமான நீர் வேண்டும், அதனால் வேகமான ஆற்றுப் பிராணி என்று முடிவுக்கு வந்தார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: செத்த பிராணியை ஆறு எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து போட்டிருக்கவும் கூடும். இவ்வளவு அகலத் தலையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க நடு ஓட்டத்தில் எதிர்நீச்சல் போட்டிருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆறு திரும்பும் இடத்தில், விழுந்து கிடக்கும் மரத்துக்குப் பின்னால், கரை அரிக்கப்பட்ட மடுவில் ஒதுங்கிக் கிடந்திருக்கும். ஓட்டம் இரையைக் கொண்டுவந்து தரும், இது எதற்கு அலைய வேண்டும்?

அந்த மடுவைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். குளிர்கால இருட்டு, கரையோரம் பனி ஏடு கட்டியிருக்கிறது. அடியில் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகத் தட்டையாக ஒன்று படுத்திருக்கிறது. ஒரு நுரையீரல் மீன் மெதுவாக அடித்தரையை ஒட்டி வருகிறது. இருட்டில் கண்ணுக்கு வேலை இல்லை, ஆனாலும் மீனின் வால் ஒவ்வொரு முறை அசையும்போதும் தண்ணீர் லேசாகத் தள்ளப்படுகிறது. இந்தக் குடும்பத்து மண்டையோடுகளில் கண்ணைச் சுற்றியும் மூக்குப் பக்கமும் வாய்க்கால் மாதிரிப் பள்ளங்கள் ஓடும், மீனுக்குப் பக்கவாட்டில் இருக்குமே உணர்கோடு, அதே உறுப்பு இருந்த இடம். நீரின் அசைவை அது தோலிலேயே படித்துவிடும். மீன் தலைக்கு நேரே வரும்வரை அசையாது. வந்ததும் மண்டை மேலே எழும்பி வாய் பிளக்கும், அடுத்த நொடி மீன் இருந்த இடத்தில் கலங்கிய மணல்தான். வாரக்கணக்கில் வெளிச்சமே இல்லாத ஊரில் கண்ணை நம்பிப் பிழைக்காத வேட்டைக்காரனுக்கு எவ்வளவு லாபம் என்று பாருங்கள்.

சாப்பாட்டுப் பட்டியலை அந்தப் பகுதிப் பாறைகளில் கூடவே கிடைத்தவற்றை வைத்துச் சொல்லலாம். எலும்பு மீன்கள், நுரையீரல் மீன்கள், ஆமைகள். கிரேஃபிஷ், அதாவது நன்னீரில் வாழும் குட்டிச் சிங்கி இறால் வகை, குடைந்த வளைகளும் சான் ரெமோ பக்கப் பாறைகளில் இருக்கின்றன. ப்ளீசியோசார் என்ற நீர்வாழ் ஊர்வனவற்றின் பற்கள்கூட இந்த ஆற்றுப் பாறைகளில் வருகின்றன, கடலிலிருந்து ஆறேறி வந்த விருந்தாளிகள் போலும். கரையில் குவாண்டசாரஸ் மாதிரிக் குட்டை உருவத் தாவர உண்ணி டைனோசர்கள், 2 மீட்டருக்கும் குறைவான நீளம்தான்.

ஓவியர்களுக்கு இந்தக் கடைசி ஆள் மேல்தான் ஆசை. கூலாசூகஸ் படம் என்றாலே தண்ணீர் குடிக்க வந்த டைனோசரின் காலைக் கவ்வி இழுக்கும் காட்சிதான் வரும். நடக்கவே நடக்காது என்று சொல்லமாட்டேன், ஆற்றைக் கடக்கும் குட்டி, கால் வழுக்கி விழுந்தது, வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்தது என்று வாய்க்கு எட்டியதை விட்டிருக்காது. ஆனால் அந்தத் தாடையும் அந்தத் தலையும் மீனுக்காகச் செய்தவை. கரையில் நிற்கும் பிராணியை இழுத்துச் சுழற்றிச் சதையைப் பிய்ப்பது முதலையின் தொழில். பெரிய சாலமாண்டர்கள் முழுதாக விழுங்கக்கூடியதைத்தான் பெரும்பாலும் தேடும், இதுவும் அந்த ரகம் என்றே நினைக்கிறேன். வருஷத்தில் ஒரு டைனோசர், மற்ற நாளெல்லாம் மீன். படம் வரைய ஒரு டைனோசர் நாள் போதும் அவர்களுக்கு.

சாப்பாடும் அடிக்கடி தேவைப்பட்டிருக்காது. குளிர்ந்த நீரில் அசையாமல் கிடக்கும் குளிர் ரத்தப் பிராணி வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். அதே எடையுள்ள பாலூட்டி ஒன்று அந்த மடுவில் இருந்திருந்தால் குளிர்காலம் முடியும் முன்பே பசியில் செத்திருக்கும்.

சரி, முதலை விஷயம். அந்தக் காலத்தில் உலகின் வெப்பமான ஆறுகளில் எல்லாம் முதலை வகைகள் செழித்திருந்தன, ஆனால் 12 கோடி ஆண்டு வயதுள்ள இந்தத் தெற்கு விக்டோரியாப் பாறைகளில் அவை இல்லை. ஏன் என்பதற்குப் பொதுவாகச் சொல்லும் பதில், குளிர். பதில் சரிதான், ஆனால் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். வளர்ந்த முதலை இனங்களில் சில கொஞ்ச நாள் குளிரைத் தாங்கும். அமெரிக்க அலிகேட்டர் ஏரி உறையும்போது மூக்கு நுனியை மட்டும் பனிக்கு மேலே நீட்டிக்கொண்டு மரத்துப்போய்க் கிடக்கும், பனி உருகியதும் எழுந்து போய்விடும். முட்டைதான் பிரச்சினை. முதலை முட்டை கரையில், மண்ணிலோ அழுகும் இலைக்குவியலிலோ, 30 டிகிரியை ஒட்டிய சூட்டில் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும். சூடு குறைந்தால் கரு வளராது. துருவத்துப் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு கோடை கிடைத்திருக்குமா? பெரிய முதலை ஒன்று வழிதவறி வந்து ஒரு வருஷம் தங்கலாம், அதன் பேரன் அங்கே பிறக்க மாட்டான்.

இருவாழ்வி முட்டைக்கு அந்தக் கவலை கிடையாது. தண்ணீருக்குள்ளேயே இட்டுவிடும், ஓடும் குளிர்நீரில் ஆக்சிஜன் கிடைக்கும், வளர்ச்சி மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். கூலாசூகஸின் முட்டையோ குஞ்சோ கிடைக்கவில்லை, ஆனால் வேறு டெம்னோஸ்பாண்டில்களின் குஞ்சுகள் வெளிச்செவுளோடு அப்படியே பாறையில் பதிந்து கிடைத்திருப்பதால் இந்தக் கூட்டம் தண்ணீரில்தான் வளர்ந்தது என்று சொல்லலாம். ஆக, குளிரைத் தாங்கியது என்று சொல்வதைவிடக் குளிர் அதற்குக் கோட்டைச் சுவராக நின்றது என்று சொன்னால்தான் பொருந்தும். உலகம் முழுக்க முதலைகளிடம் ஆற்றைப் பறிகொடுத்த ஒரு பழைய குடும்பத்துக்கு, எதிரி குஞ்சு பொரிக்க முடியாத ஒரு பள்ளத்தாக்கு மிச்சமிருந்தது.

இதைச் சரிபார்க்க உதவுவது ஆட்வே கடற்கரை. அதே விக்டோரியாவில் மேற்கே, டைனோசர் கோவ் என்ற இடத்துப் பாறைகள் சற்றுப் பிந்தியவை, 11 கோடி ஆண்டுகளை ஒட்டியவை. அதற்குள் பள்ளத்தாக்கில் வெப்பம் கூடிவிட்டது. அந்தப் பாறைகளில் முதலை வகைகளின் எலும்பு வருகிறது, கூலாசூகஸ் வருவதில்லை. முதலை வந்து விரட்டிவிட்டது என்று இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த வரி போதவில்லை. தண்ணீர் வெதுவெதுப்பானாலே அந்தப் பெரிய உடம்புக்கு ஆக்சிஜன் வரவு குறைந்து செலவு கூடியிருக்கும், முதலை வராமலிருந்தாலும் கோடைகள் கஷ்டமாகியிருக்கும். முதலை முட்டை பொரிக்கிற அளவு தரை சூடாகியிருந்தால், அதே சூடு ஆற்றையும் தொட்டிருக்கும். இரண்டும் ஒன்றாகவே வந்திருக்கலாம், எது முதலில் அடித்தது என்று பிரித்துக் காட்ட டைனோசர் கோவ் பாறைகளால் முடியாது.

மேலும் எலும்பு கிடைக்குமா என்றால், கிடைக்க வழி இருக்கிறது. சான் ரெமோவிலிருந்து இன்வெர்லாக் வரை அந்தப் பாறை கடலோரத்தில்தான் வெளிப்பட்டிருக்கிறது, கடல் வடிந்த நேரத்தில் மட்டும் வேலை செய்யலாம், அலை ஏறினால் கருவிகளைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அலைதான் புதிய எலும்பை வெளியே கொண்டுவருகிறது, யாரும் பார்க்காவிட்டால் சில பருவங்களுக்குள் அதுவே அரைத்துத் தின்றும் விடுகிறது. 1978-இல் அந்தத் தாடைத் துண்டு அப்படி அரைபடாமல் யார் கண்ணிலோ பட்டதால்தான் இவ்வளவும் பேசிக்கொண்டிருக்கிறோம்.